எந்தக் கையால் எழுதுவீர்கள்?

ரிஸ்மியா ஒரு வாரத்துக்குத் தந்தாள்.
துபாயிலிருந்து அவள் மச்சான் கொண்டுவந்த டேப்லெட்,
உறையோடு, பேனாவோடு,
மூலையில் ஒரு கீறலோடு.
"கீறல் முன்னாடியே இருந்துச்சு,
நீ பயப்படாதே" என்றாள்.

மண்டபத்தில் பஸ் ஏறி
உச்சிப்புளி தாண்டும்வரை திறக்கவில்லை.
கடன் வாங்கிய பணத்தை
மடியில் வைத்திருப்பவள் போல் உட்கார்ந்திருந்தேன்.

திறந்ததும் அது கேட்டது:
எந்தக் கையால் எழுதுவீர்கள்?
இடது. வலது.
இரண்டுக்கும் ஒரே அளவு வட்டம்.

இரண்டாம் வகுப்பில் இந்தக் கேள்வி
மர ஸ்கேலோடு வந்தது.
நற்கருணை வாங்கும்போது
எந்தக் கை மேலே என்று
இன்றும் ஒரு கணம் தடுமாறுவேன்.
இடது என்று தொட்டேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
பட்டன்களை எல்லாம் வலது ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு
என் கைக்கு வழிவிட்டது.

என் நோட்டுகளைப் பார்த்தால் தெரியும்.
எழுதிய வரிமேலேயே கை ஊர்ந்து போகும்.
சித்திரை வியர்வையில்
கடற்புல்லின் குறுக்குவெட்டு
மழை பெய்த கோலமாகிவிடும்.
சுண்டுவிரல் ஓரம் எப்போதும் நீலம்.
நண்டுக் கம்பெனியிலிருந்து அம்மா வருவாள்,
ஓடு கிழித்த விரல்களோடு.
இருவரும் ஒரே குழாயில் கை கழுவுவோம்.
எவ்வளவு சோப்பு போட்டாலும்
அவளுக்கு வாசம் போகாது,
எனக்கு நிறம் போகாது.

கண்ணாடியில் உள்ளங்கை பட்டால்
அது கண்டுகொள்ளவே இல்லை.
பேனா முனையை மட்டும் பார்த்தது.
ஆனால் வியர்வை ஒரு துளி விழுந்து
தானே ஒரு கோடு போட்டது:
எந்தப் புல்லுக்கும் இல்லாத ஒரு வேர்.
ழகரத்தின் வால் வழுக்கிக்கொண்டு ஓடியது.
இரவில் கரன்ட் போனது.
பதினொரு சதவீத வெளிச்சத்தில்
காற்றறைகளை அவசர அவசரமாக வரைந்தேன்.

கையெழுத்தைத் தேடித் தருமாம்.
கடற்புல் என்று எழுதியதை
கடற்பல் என்று படித்துக் காட்டியது.
அம்மாவிடம் சொன்னேன்.
"பல்லு இருக்கத்தானே செய்யுது" என்றாள்,
வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

பிறகு கணக்கு.
பேனா தனியாக வாங்கினால்
அம்மாவுக்கு இருபத்தெட்டு நாள் நண்டு.
டேப்லெட்டை நான் நாளில் எண்ணவில்லை.
எழுதும் செயலி மாதாமாதம் கேட்கும்,
சீட்டுக்காரர் மாதிரி,
கட்டாத மாதம் என் எழுத்தை
எனக்கே காட்டுமா தெரியாது.
இலவசச் செயலியோ போனில் தாளைப் படம் பிடித்து
பக்கத்துக்குப் பக்கம் தன் பெயரைப் பொறிக்கும்.
பொறிக்கட்டும்.
பள்ளிக்கூடப் பையில் கட்சிப் படம் சுமந்தவள்தானே.

ஐந்தாம் நாள் தற்செயலாக
இரண்டு விரல் வைத்துத் திருகினேன்.
பக்கம் சாய்ந்தது.
வலப்பக்கமாய், ஒரு கரையேறிய வள்ளம் போல.
கை வரிக்குக் கீழே வந்தது.
எதன் மேலும் ஊரவில்லை.

நோட்டை எடுத்து அப்படியே சாய்த்துப் பார்த்தேன்.
பதினைந்து வருடம் எழுதுகிறேன்,
தாளைத் திருப்பலாம் என்று
யாருக்குமே தோன்றவில்லை. எனக்கும்.

என் பக்கங்களை அழித்துவிட்டு
வாரக் கடைசியில் திருப்பிக் கொடுத்தேன்.
இப்போது சாய்ந்த நோட்டு,
சீக்கிரம் காயும் பத்து ரூபாய்ப் பேனா,
ராத்திரி அம்மாவின் போனில் ஒரு படம்.
அதில் பாதி நிழல் விழுகிறது.
விரல் ஓரம் இன்னும் கொஞ்சம் நீலம்தான்.

திங்கட்கிழமை பஸ்ஸில் செய்தி வந்தது.
"ஜெனிட்டா, பட்டன் எல்லாம்
அந்தப் பக்கம் போயிருச்சுடி.
கையே மறைக்குது. எப்படித் திருப்புறது?"

உச்சிப்புளியில் படித்தேன்.
ராமநாதபுரம் இறங்கித்தான்
பதில் போட்டேன்.